பணயமில்லாப் பந்தயம்

பந்தயம் என்னும் சொல்லுக்கு நம் மொழியில் இரு பொருள் உண்டு. போட்டியிட்டு ஓடும் ஓட்டமும் பந்தயமே. அவ்வோட்டத்தின் மீது கட்டப்படும் பணமும் பந்தயமே. குதிரைப் பந்தயத்தில் சம்பளத்தைத் தொலைத்த குடும்பத் தலைவர்களைப் பற்றி நாம் யாவரும் கேள்வியுற்றிருக்கிறோம். ஆதலின் இம்மாதம் நாய்களின் ஓட்டத்தைக் குறித்து எழுதப் புகுகிறோம் என்றவுடன் வாசகர் சிலர் முகஞ்சுளிக்கக்கூடும். அவர்கள் சற்றே பொறுத்தருள வேண்டுகிறோம். நாம் கூறப்போவது ஓட்டம் உண்டு, பணயம் இல்லை என்ற வகையைச் சார்ந்த விளையாட்டு.

இங்கிலாந்து நாட்டில் 'விப்பெட்' என்றொரு நாயினம் உண்டு. நம் தென்மாவட்டங்களின் சிப்பிப்பாறை நாயைக் கண்டவர்கள், அதனையே சிறிது சுருக்கி மனத்தில் வரைந்துகொண்டால் போதும். ஆழ்ந்த மார்பு, ஒடுங்கிய வயிறு, வில்லென வளைந்த முதுகு, மெலிந்து நீண்ட கால்கள். தோள் உயரம் ஒன்றரை அடிக்குச் சற்று மேல். எடை பெரும்பாலும் 10 முதல் 15 கிலோ. சிறிய கிரேஹவுண்டு நாய்களோடு டெரியர் முதலிய இனங்களைக் கலந்து பாமர மக்கள் உருவாக்கிய இனம் இது. இங்கிலாந்தின் கென்னல் கிளப் இதனைத் தனி இனமாக 1891-இல் ஏற்றுக்கொண்டது.

முழு வேகத்தில் பாயும்போது இந்நாயின் நான்கு பாதங்களும் ஒவ்வொரு பாய்ச்சலிலும் இருமுறை நிலத்தை விட்டு எழும்பி நிற்கின்றன: உடல் முழுவதும் நீண்டு விரிந்திருக்கையில் ஒருமுறை, கால்கள் யாவும் வயிற்றின்கீழ் மடங்கியிருக்கையில் மறுமுறை. 200 கெஜத் தூரத்தை, அதாவது ஏறத்தாழ 183 மீட்டரை, நல்ல விப்பெட் ஒன்று ஏறக்குறைய 12 நொடிகளில் கடந்துவிடும். உசேன் போல்ட் 2009-இல் பெர்லின் நகரில் 200 மீட்டர் ஓடி உலக சாதனை நிகழ்த்தியபோது அவருக்கு ஆன நேரம் 19.19 நொடி என்பதை நினைத்துப் பார்த்தால், இச்சிறு பிராணியின் ஆற்றல் விளங்கும்.

பிரபுக்கள் குதிரைகளை வைத்திருந்தனர். லங்காஷயர், யார்க்ஷயர், டர்ஹம் பகுதிகளின் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளரிடம் குதிரைக்குப் பணமும் இல்லை, லாயத்துக்கு இடமும் இல்லை. அடுப்பங்கரையில் சுருண்டு படுக்கும் இந்நாயே அவர்களுக்குக் கிட்டியது. 'ஏழையின் பந்தயக் குதிரை' என்ற பெயரும் இதற்கு வழங்கியது. நாள் முழுதும் பூமிக்கடியில் இருளில் முதுகு வளைந்து உழைத்த மனிதன், ஓய்வு நாளில் வெட்டவெளியில் நின்று தன் நாய் காற்றாய்ப் பறப்பதைக் காண விரும்பியதில் வியப்பில்லை. (நம் வாசகர்களுக்கு இன்னொரு செய்தியும் சுவைக்கும். லங்காஷயர், கத்தோலிக்க விசுவாசம் தடைசெய்யப்பட்ட காலத்திலும் அணையாது காத்த நாட்டுப்புறம். அப்பகுதியின் ஹேடாக்கில் பிறந்து 1628-இல் வேதசாட்சியாக உயிர்துறந்த குரு எட்மண்ட் ஆரோஸ்மித், 1970-இல் புனிதராக உயர்த்தப்பட்டார். அதே ஹேடாக் பிற்காலத்தில் நிலக்கரிச் சுரங்க ஊராயிற்று.)

தொடக்கம் அவ்வளவு தூயதன்று. அடைப்பு ஒன்றினுள் உயிருள்ள முயலை அவிழ்த்துவிட்டு, எந்த நாய் முந்திக் கவ்வுகிறது என்று பார்த்ததே பழைய வழக்கம். பின்னர் முயல் விலகிற்று. அதன் இடத்தில் ஒரு துண்டுத் துணி வந்தது. இம்மாற்றத்தை நாம் சிறிதென எண்ணவில்லை. நாயின் மகிழ்ச்சிக்கு முயலின் சாவு தேவையில்லை என்பதை, ஏட்டுக் கல்வி அதிகம் பெறாத அம்மக்கள் தம் அனுபவத்தாலேயே கண்டுகொண்டனர். மிருகங்களைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கே முரணானது என்று 1992-இல் வெளியான திருச்சபையின் மறைக்கல்வி நூல் கூறுகிறது. துணியைத் துரத்தும் ஓட்டம் அந்நூலுக்கு நெடுங்காலம் முற்பட்டது.

அவ்வோட்டம் நடைபெற்ற முறையைச் சற்று விரிவாகவே கூற விரும்புகிறோம். உரிமையாளர்களின் இன்பம் எங்கிருந்து பிறக்கிறது என்பதற்கு விடை அதில்தான் இருக்கிறது. நேரான தடம்; நீளம் 200 கெஜம். ஒவ்வொரு நாய்க்கும் இருவர் வேண்டும். ஒருவர் புறப்படும் இடத்தில் நாயைப் பிடித்திருப்பவர். அவருடைய ஒரு கை நாயின் பிடரித் தோலையும், மறு கை வாலின் அடியையும் பற்றியிருக்கும். துப்பாக்கி வெடித்ததும் அவர் நாயை முன்னோக்கி வீசிவிடுவார். அதன் கால்கள் மண்ணைத் தொடும்போதே ஓட்ட நடையில் இருக்கவேண்டும். மிகவும் நுட்பமான கைப்பழக்கம் இது. சிறிது தாழ்த்தி வீசினாலும், பக்கவாட்டில் திருப்பிவிட்டாலும், நாய் முதல் பாய்ச்சலைத் தடுமாற்றத்தில் இழந்துவிடும். கைதேர்ந்தவருக்கு ஊரெங்கும் மதிப்பு இருந்தது.

மற்றவர், நாய்க்கு மிகவும் பழகியவர். வளர்த்தவராகவோ, அவருடைய மனைவியாகவோ, மகனாகவோ இருக்கலாம். அவர் நாயின் கண்முன் அத்துணியை ஆட்டிக் காட்டி, பெயர் சொல்லிக் கூவி, பின்னோக்கிப் பார்த்தவாறே தடத்தின் வழியே ஓடி, முடிவுக் கோட்டுக்கும் அப்பால் சென்று நின்றுகொள்வார். ஆங்கே அவரைப் போலவே மற்ற நாய்களின் சொந்தக்காரர்களும் தத்தம் துணியை வீசிக்கொண்டு உரத்த குரலில் கூவுவார்கள். இத்தனை ஆரவாரத்துக்கு நடுவே ஒவ்வொரு நாயும் தன் குடும்பத்தின் குரலைப் பிரித்தறிந்து, வேறெந்தத் துணியையும் ஏறெடுத்தும் பாராமல், நேரே தன்னவரிடம் ஓடி வந்து துணியைக் கவ்வித் தொங்கும். வந்த வேகத்தில் துணியோடு தூக்கிச் சுழற்றாவிட்டால் நாய்க்குக் காயம் நேரும் என்பதால், அதனை ஏந்தும் விதத்தையும் பழகியிருந்தார்கள்.

குதிரைப் பந்தயத்தில் குதிரையின் சொந்தக்காரர் மேடையில் அமர்ந்து தொலைநோக்கியால் பார்க்கிறார். இங்கோ அவரே வெற்றிக் கோடு. நாய் ஓடுவது அவரை நோக்கி. 12 நொடிகளுக்கு ஓர் உயிர் தன் முழு வலிமையோடும், வேறு எண்ணமே இன்றி, தன்னை நோக்கி விரைந்து வருவதைக் காண்பதைவிட ஒரு சுரங்கத் தொழிலாளிக்கு வேறென்ன சிறப்புச் செய்ய முடியும்? மேலதிகாரி அவரை எண்ணால் அறிவார். கடைக்காரர் கடன் கணக்கால் அறிவார். நாயோ அவரைக் குரலால் அறிந்தது.

பழங்காலத்து ஓட்டங்களிலும் பணம் கட்டினார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. கனமான நாய்களைப் பின்னே நிறுத்தி, இலேசானவற்றுக்கு முன்னிடம் கொடுக்கும் ஏற்பாடு இருந்ததால், அதனை ஏய்க்கும் தந்திரங்களும் கூடவே தோன்றின. நல்ல நாயை வேண்டுமென்றே மந்தமாக ஓடவைத்து, அடுத்த ஓட்டத்தில் சலுகை பெறுவதும் நடந்தது. பிள்ளைகளின் தட்டில் விழாத இறைச்சி நாயின் தட்டில் விழுந்தது என்ற பழிச்சொல்லும் எழுந்தது. பின்னர் 1926-இல் மான்செஸ்டர் நகரின் பெல் வ்யூ அரங்கில் இயந்திர முயலைத் துரத்தும் கிரேஹவுண்டு பந்தயம் தொடங்கியபோது, சூதாடுவோரின் கூட்டம் அங்கே திரண்டது. விப்பெட்டின் தடங்கள் வெறிச்சோடின.

அதுவே இவ்விளையாட்டுக்கு நேர்ந்த நன்மை என்பது நம் கருத்து. பணம் வேறிடம் சென்றபின் எஞ்சியவர்கள், நாய்க்காகவே வந்தவர்கள். அவர்களை ஆங்கிலத்தில் 'அமெச்சூர்' என்கிறார்கள். கைத்திறம் குறைந்தவர் என்ற பொருளில் இன்று நாம் அச்சொல்லைக் கையாண்டாலும், அதன் வேர் 'நேசித்தல்' எனப் பொருள்படும் 'அமாரே' என்ற இலத்தீன் சொல். வணிக அரங்கில் ஓட்டம் தளர்ந்த நாய் வருவாயற்ற சுமையாகிவிடுகிறது. அவ்வாறு கைவிடப்படும் கிரேஹவுண்டுகளுக்கு வீடு தேடித் தருவதற்கென்றே அறக்கட்டளைகள் தோன்ற நேர்ந்தது. நேசிப்பவரின் வீட்டில் தோற்ற நாயும் வென்ற நாயும் அன்றிரவு அதே மெத்தையில்தான் உறங்குகின்றன.

இன்று பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் இவ்வோட்டங்களை நடத்துவோர் சிறு சிறு சங்கத்தினர். அமெரிக்காவுக்கு இந்நாயைக் கொண்டுசென்றவர்களுள் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஆலைகளுக்கு வேலை தேடிச் சென்ற லங்காஷயர் நெசவாளர்கள் முக்கியமானவர்கள். துணியை ஆட்டும் வேலையை இப்போது பெரும்பாலும் இயந்திரம் ஏற்றுக்கொண்டது. நீண்ட நூலின் நுனியில் ஒரு பிளாஸ்டிக் பையையோ, போலித் தோலையோ கட்டி, மோட்டாரால் சுழலும் உருளையில் சுற்றி இழுக்கிறார்கள். கவிழ்த்து வைத்த மிதிவண்டியின் சக்கரத்தில் நூலைச் சுற்றிக் கையால் மிதியைச் சுழற்றிய காலமும் உண்டு. நாய்கள் ஒன்றையொன்று கவ்வாதிருக்க வாய்க்கூடும், அடையாளத்துக்கு வண்ணச் சட்டையும் அணிந்து, பெட்டிகளிலிருந்து ஒரே நேரத்தில் புறப்படுகின்றன.

இச்சங்கங்களில் வேலையாட்கள் இல்லை. இயந்திரத்தை இயக்குவதும், முடிவுக் கோட்டில் தீர்ப்புச் சொல்வதும், நாய்களை எடை போடுவதும், பெயரெழுதுவதும், தேநீர் போடுவதும் உறுப்பினர்களே. தன் நாய் ஓடாத வேளையில் பிறர் நாய்க்காக வெயிலில் நிற்கவேண்டும். பரிசு என்பது ஒரு நாடாப்பூவோ, சிறு கோப்பையோ, நாய்க்குப் போர்த்தும் போர்வையோ. அதற்காக நெடுந்தூரம் காரோட்டி வருகிறார்கள். பெட்ரோல் செலவுக்குக்கூடப் பரிசு காணாது. ஆயினும் மயிரிழை வேறுபாட்டில் எந்த நாய் முந்தியது என்ற வாதத்தில் குரல் உயர்வதுமுண்டு. மனிதர் இருக்கும் இடத்தில் பெருமையும் இருக்கத்தானே செய்யும்.

நாய்க்கு அப்பெருமை தெரியாது என்பதே இதில் அழகு. கடைசியாக வந்த நாயும் பையைக் கவ்விக் குலுக்கி, வாலை ஆட்டி, முதலாவதாக வந்ததைப் போன்றே திரும்பி வருகிறது. முகம் வாடி நிற்கும் சொந்தக்காரர் அதைக் கண்டதும் வாட்டத்தைக் காட்ட வெட்கப்படுகிறார். குழந்தைகள் இதனை எளிதில் கற்றுக்கொள்கிறார்கள். வாரம் முழுதும் நாயை நடத்தி, கால் தசைகளைத் தடவி, உணவை அளந்து கொடுத்த சிறுவனுக்கு, முடிவுக் கோட்டுக்கு அப்பால் அதனை ஏந்திப் பிடிக்கும் பொறுப்பு தரப்படும்போது, தந்தைக்கும் மகனுக்கும் பேசுவதற்கு ஒரு பொருள் கிடைத்துவிடுகிறது. வளரும் பிள்ளைகளோடு பேசப் பொருளின்றித் தவிக்கும் தந்தையர் இதன் அருமையை அறிவர்.

இங்கே இரு கேள்விகளை நம் வாசகர்கள் எழுப்பக்கூடும், எழுப்பவும் வேண்டும். மனிதர் பசித்திருக்க நாய்க்கு இவ்வளவு செலவா என்பது முதலாவது. மேற்கூறிய மறைக்கல்வி நூல் இதனைத் தவிர்க்கவில்லை. மிருகங்களை நேசிக்கலாம், மனிதரின் துயர் துடைக்க முதன்மையாகச் செல்லவேண்டிய பணத்தை அவற்றுக்குச் செலவிடுவது தகாது என்கிறது. சுரங்கத் தொழிலாளியின் பிள்ளைகள் இறைச்சியின்றி இருந்தது உண்மையானால், அவ்வீட்டு நாய் எத்தனை கோப்பை வென்றாலும் அது குற்றமே. வீட்டாரின் உணவும் அண்டை வீட்டாரின் தேவையும் முதலில் நிறைவு பெறட்டும். எஞ்சியதில் ஒரு பகுதி நாய்க்குச் சென்றால் நாம் குறைகூற மாட்டோம். நம் வீட்டுத் திருமணப் பந்தல்களின் செலவை நினைத்தால் குறைகூற நமக்கு வாயும் இல்லை.

மற்றொன்று, ஞாயிற்றுக்கிழமை. இவ்வோட்டங்களிற் பல ஞாயிறு காலையில்தான் நடக்கின்றன. சனிக்கிழமை மாலைத் திருப்பலியில் பங்குபெற்று ஞாயிறு கடமையை நிறைவேற்றலாம் என்று 1983-ஆம் ஆண்டின் திருச்சபைச் சட்டத் தொகுப்பு வகை செய்திருக்கிறது. அதனைச் செய்துவிட்டு விடியற்காலையில் நாயோடு புறப்படும் குடும்பத்தை நாம் ஏன் தடுக்கவேண்டும்? நற்செய்தியாளரான புனித அருளப்பர் தம் சீடரோடு விளையாடி மகிழ்ந்திருந்ததைக் கண்டு சிலர் இடறலடைந்ததாகவும், அவர் வில் வைத்திருந்த ஒருவனைப் பலமுறை அம்பெய்யச் சொல்லி, 'ஓயாமல் இவ்வாறே செய்வாயா?' என வினவ, வில் முறிந்துவிடும் என்று அவன் விடையிறுத்ததாகவும், மனித மனமும் அப்படியே என்று அருளப்பர் கூறியதாகவும் ஒரு பழங்கதை உண்டு. புனித தாமஸ் அக்குவினாஸ் விளையாட்டின் நன்மையைப் பற்றி எழுதுமிடத்தில் இக்கதையையே எடுத்தாள்கிறார்.

யார்க்ஷயரின் கெல்லிங்லி சுரங்கம் 2015 டிசம்பரில் மூடப்பட்டதோடு, பிரிட்டனின் ஆழ்சுரங்க நிலக்கரித் தொழில் முடிவுற்றது. பெல் வ்யூ அரங்கின் கிரேஹவுண்டு பந்தயமும் 2020-இல் நின்றுபோயிற்று. விப்பெட்டுகள் இன்னமும் ஓடுகின்றன. வயது முதிர்ந்த நாய்களுக்கெனத் தனி ஓட்டங்களும் உண்டு. முகம் நரைத்து, கால் சற்றே விறைத்துப்போன நாய் பெட்டியினுள் நுழைந்ததும் இளமைக்காலத்துப் பழக்கத்தால் நடுங்கிக் குரைக்கிறது. கதவு திறந்ததும், தன்னால் இயன்ற வேகத்தில், கோட்டுக்கு அப்பால் போர்வையுடன் காத்திருப்பவரை நோக்கி ஓடுகிறது. அவ்வோட்டங்களில் நேரத்தைக் குறித்துக்கொள்ளச் சொந்தக்காரர் பலர் அக்கறை காட்டுவதில்லை.