கழட்டித் தாங்கோ என்றால் கழட்டித் தர வேணும்

எங்களில் ஒருத்தியின் அக்கா போன வருசம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஹோர்மோன் லூப் வைத்துக்கொண்டார். இரண்டாவது பிள்ளைக்குப் பிறகு மாதத்தில் பத்து நாள் இரத்தம் போகும். இரும்புச்சத்துக் குறைந்து, படி ஏறினாலே மூச்சு வாங்கும். லூப் வைத்த பிறகு பெருக்கு நின்றது. ஆனால் துளித்துளியாகப் படுவது நிற்கவில்லை. ஏழு மாதம் ஒவ்வொரு நாளும் பாட். முகமெல்லாம் பரு. காரணம் தெரியாத அழுகை. எட்டாம் மாதம் போய், "டொக்டர், இதைக் கழட்டித் தாங்கோ" என்று கேட்டார்.

மூன்று பதில்கள் கிடைத்தன. "இது நோர்மல், பழகிடும்." "இவ்வளவு காசு குடுத்து வைச்சதை ஏன் வீணாக்கிறீங்கள்?" கடைசியாக, "அடுத்தமுறை ஹஸ்பனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ."

இந்த மூன்று பதில்களோடும்தான் எங்களுக்குச் சண்டை.

அதற்கு முதல் சாமானைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கட ஊரில் 'லூப்' என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு பொருட்கள் இருக்கின்றன. அரச கிளினிக்கில் இலவசமாக வைக்கிறது கொப்பர் லூப். அதில் ஹோர்மோன் இல்லை. பத்து வருசம் வரைக்கும் வேலை செய்யும். ஆனால் சிலருக்கு இரத்தப்போக்கையும் வயிற்றுக் குத்தையும் கூட்டும். ஹோர்மோன் லூப் அதற்கு எதிர்மாறு. ரி வடிவப் பிளாஸ்ரிக் துண்டு. அதிகம் பாவிக்கப்படும் வகையில் 52 மில்லிகிராம் லெவொனோர்ஜெஸ்ட்ரல் இருக்கும். ஆரம்பத்தில் நாளுக்கு ஏறக்குறைய 20 மைக்ரோகிராம் கசியும். கருப்பை வாயின் சளியைத் தடிப்பாக்கும், கருப்பையின் உட்சவ்வை மெல்லியதாக்கும். 1990இல் பின்லாந்தில் முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. ஒரு வருசம் போக, ஏறக்குறைய ஐந்தில் ஒரு பெண்ணுக்கு மாதவிடாயே நின்றுவிடும். 'கெட்ட இரத்தம் உள்ளுக்குள் தேங்குது' என்று மாமிமார் பயப்படுத்துவார்கள். ஒன்றும் தேங்குவதில்லை. சவ்வு வளராதபடியால் வெளியேற ஒன்றும் இல்லை, அவ்வளவுதான். இந்த இரண்டு வசனத்தை வைக்கும்போதே சொல்லியிருந்தால் எத்தனை வீடுகளில் எத்தனை இரவுகள் நிம்மதியாகப் போயிருக்கும்.

நாங்கள் லூப்புக்கு எதிரானவர்கள் இல்லை. நூறு பெண்கள் ஒரு வருசம் பாவித்தால் ஒருத்திக்குக்கூடக் கரு தங்காத அளவுக்கு அது நம்பகமானது. பெரும்போக்குக்காகக் கருப்பையையே எடுக்க இருந்த பெண்களை அந்தச் சத்திரசிகிச்சையிலிருந்து காப்பாற்றியிருக்கிறது. தாயின் உயிரைக் காப்பாற்ற மட்டுமே கருக்கலைப்பை அனுமதிக்கிற, 1883ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் கீழ் இன்னமும் வாழுகிற ஒரு நாட்டில், நல்ல கருத்தடை முறை ஒன்றைப் பழித்துப் பேசும் வசதி எங்களுக்கு இல்லை. 'ஹோர்மோன் எல்லாம் விஷம்' என்று ரீல்ஸ் போடுகிறவர்கள் இந்தக் கட்டுரையைத் தங்கள் பக்கம் இழுக்க வேண்டாம்.

இனி முதலாவது பதில். 'நோர்மல்.' முதல் மூன்று முதல் ஆறு மாதங்களுக்கு ஒழுங்கில்லாமல் இரத்தம் படுவது பலருக்கும் நடப்பதுதான். பரு, தலையிடி, மார்பு நோ, சூலகக் கட்டி, மனநிலை மாற்றம் எல்லாம் பெட்டிக்குள் இருக்கும் துண்டுத்தாளிலேயே அச்சடித்திருக்கும். அந்தத் தாளை அக்காவிடம் ஒருத்தரும் கொடுக்கவில்லை. வைக்க முதல் 'இப்படி நடக்கலாம்' என்று சொன்னால் அது தகவல். நடந்த பிறகு 'இது நோர்மல்' என்று சொன்னால் அது வாயை மூடு என்பதன் மரியாதையான வடிவம்.

'உங்கட மனசுதான் காரணம்' என்ற பேச்சும் இதோடு சேர்ந்தே வரும். 2016இல் டென்மார்க்கில் 15 முதல் 34 வயது வரையான பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களின் தரவுகளை ஆராய்ந்து ஒரு முடிவு வெளிவந்தது. ஹோர்மோன் கருத்தடை எதுவும் பாவிக்காத பெண்களோடு ஒப்பிட்டால், ஹோர்மோன் லூப் வைத்திருந்தவர்கள் மனச்சோர்வு மருந்து எடுக்கத் தொடங்கியது ஏறக்குறைய 1.4 மடங்கு. லூப்தான் காரணம் என்று இது நிரூபிக்கவில்லை. பெரும்பாலான பெண்களுக்கு அப்படி ஒன்றும் நடக்கவும் இல்லை. ஆனால் அழுகிறேன் என்று ஒரு பெண் வந்து சொன்னால், கதிரையை இழுத்துப் போட்டு இருந்து கேட்பதற்கு இது போதும்.

வலியும் இப்படித்தான். வைக்கும்போது சிலருக்குச் சின்னக் குத்து, சிலருக்குத் தலை சுற்றி மயக்கம். 2024இல் அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தன் வழிகாட்டலைப் புதுப்பித்தபோது, வலி பற்றி முன்கூட்டியே பெண்ணோடு பேச வேண்டும், விறைக்கச் செய்யும் மருந்து உதவலாம் என்று எழுதியது. எங்கட அக்காமார் கேட்டது வேறு: "பிள்ளை பெத்தனீங்கள்தானே, இதுக்கா கத்துறீங்கள்?"

இரண்டாவது பதில், காசு. காசு அக்காவின் காசு. அது போனால் போகட்டும் என்று முடிவெடுக்கும் உரிமையும் அவருடையதுதான். ஆனால் இங்கே காசை விடப் பெரிய விசயம் ஒன்று இருக்கிறது. மாத்திரை பிடிக்கவில்லை என்றால் நாளைக்கே போடாமல் விடலாம். ஆரிடமும் கேட்கத் தேவையில்லை. லூப்பை அப்படி விட முடியாது. வெளியே எடுக்க இன்னொருவரின் கை வேண்டும். வழமையாக நூலைப் பிடித்து இழுக்கிற சில நிமிச வேலைதான். ஆனால் அந்தக் கை மறுத்தால், கருத்தடை அந்த நிமிசத்திலிருந்து கட்டுப்பாடாக மாறுகிறது. 2021 ஜூன் மாதம் பாடகி பிரிட்னி ஸ்பியர்ஸ் நீதிமன்றத்தில் சொன்னது இதைத்தான்: தனக்கு இன்னொரு பிள்ளை வேண்டும், ஆனால் லூப்பைக் கழட்ட டொக்டரிடம் போகத் தன் பாதுகாவலர்கள் விடவில்லை என்று. உலகம் முழுக்கத் தெரிந்த பெண்ணுக்கே இந்த நிலை என்றால், கிராமத்துக் கிளினிக் வாங்கிலில் இருக்கிற பெண்ணை நினைத்துப் பாருங்கள்.

எங்களுக்கு நினைக்கத் தூரம் போகத் தேவையில்லை. 2013 ஆகஸ்ட் கடைசியில் கிளிநொச்சியின் வேரவில், கிராஞ்சி, வலைப்பாடு கிராமங்களில், பிள்ளைகளின் போசாக்குப் பரிசோதனைக்கென்று கூப்பிடப்பட்ட தாய்மாருக்குக் கையில் ஹோர்மோன் குச்சி வைக்கப்பட்டது. வற்புறுத்தி வைத்தார்கள் என்று அந்தப் பெண்கள் சொன்னார்கள். அதிகாரிகள் மறுத்தார்கள். அதற்குப் பிறகு எங்கட மேடைகளில் என்ன பேசப்பட்டது? இனத்தின் எண்ணிக்கை. பிறக்காமல் போன பிள்ளைகள். எல்லாம் பேசப்பட்டது. அந்தக் குச்சியோடு வீட்டுக்குப் போன பெண்ணுக்கு இரத்தம் எப்படிப் போனது, தலை சுற்றியதா, கழட்ட எங்கே போனாள், கழட்டினார்களா என்று மேடையில் நின்ற ஆண்களில் எத்தனை பேர் கேட்டார்கள்? வைத்தவர்களும் அவளிடம் கேட்கவில்லை, அவளுக்காகக் கத்தியவர்களும் கேட்கவில்லை. 'பெத்துக்கொள்ளாதே' என்பதும் 'இனத்துக்காகப் பெத்துப் போடு' என்பதும் ஒரே கருப்பைக்கு இரண்டு பக்கத்திலிருந்தும் போடப்படும் கட்டளைகள். எங்களுக்கு இரண்டும் வேண்டாம்.

மூன்றாவது பதில், ஹஸ்பன். அக்காவின் அத்தான் நல்ல மனுசன். கேட்டிருந்தால் வந்திருப்பார். பிரச்சினை அதுவல்ல. அவருக்கு ஒரு பல்லுப் பிடுங்க வேண்டுமென்றால் அக்காவைக் கூட்டிக்கொண்டு வரச் சொல்லுவார்களா? அத்தானே இல்லாதவர்கள் என்ன செய்வது? எங்கட குடும்பத் திட்டமிடல் சேவை முழுவதும் 'தகுதியுள்ள குடும்பம்' என்ற பதிவேட்டைச் சுற்றியே கட்டப்பட்டிருக்கிறது. வெயிலிலும் மழையிலும் வீடு வீடாக வருகிற மிட்வைப் அன்ரிமார் இல்லாவிட்டால் எங்களில் பலர் பிறந்திருக்கவே மாட்டோம். அவர்கள்மேல் எங்களுக்குக் கோபம் இல்லை. ஆனால் அந்தப் பதிவேட்டில் கலியாணம் கட்டாத பெண் எங்கே? எங்களில் ஒருத்தி பெரும்போக்குக்காக ஒரு டொக்டரிடம் போனாள். "கலியாணம் கட்டிட்டீங்களா?" "இல்லை." "அப்ப லூப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை." அவள் கருத்தடை கேட்டுப் போகவில்லை, இரத்தத்தை நிற்பாட்டக் கேட்டுத்தான் போனாள். அதே லூப் அதற்கும் மருந்து. கருத்தடைக்காகவே கேட்டிருந்தாலும் அது அவளின் உரிமை என்பது வேறு கதை. கம்பஸ் ஹொஸ்டல்களில் ஒருத்தியின் அனுபவம் இன்னொருத்திக்குக் குசுகுசுப்பாகத்தான் வந்து சேருகிறது. அதில் பாதி உண்மை, பாதி பயம்.

நாங்கள் கேட்பது பெரிய புரட்சி இல்லை. வைக்க முதல் தமிழில், விளங்குகிற தமிழில், நல்லது கெட்டது இரண்டையும் சொல்லுங்கோ. வலிக்கும் என்றால் வலிக்கும் என்று சொல்லி, அதற்கு என்ன செய்யலாம் என்றும் சொல்லுங்கோ. கலியாணச் சான்றிதழைக் கேட்காதேங்கோ. கழட்டித் தாங்கோ என்றால், இன்னும் கொஞ்ச மாதம் பொறுத்தால் குறையக்கூடும் என்று ஒருமுறை சொல்லுங்கோ, அது உங்கட கடமை. அதன் பிறகும் வேண்டாம் என்றால் கழட்டித் தாங்கோ.

அக்கா நான்கு மாதம் கழித்து, வேறு ஊரில், வேறொரு டொக்டரிடம் போய்க் கழட்டினார். ஐந்து நிமிசம்கூட எடுக்கவில்லை. பரு குறைந்தது. அழுகையும் குறைந்தது, அது லூப்பாலா, நித்திரை இல்லாததாலா, இரண்டு சின்னப் பிள்ளைகளாலா என்று அவருக்கு இன்றைக்கும் தெரியாது. பெரும்போக்கு திரும்ப வந்துவிட்டது. இப்போது அதற்கு மாத்திரை எடுக்கிறார். சில மாதம் லேசு, சில மாதம் கஷ்டம். கழட்டியது சரியா பிழையா என்று கேட்டோம். "தெரியேல்ல" என்றார். "ஆனா அது நான் எடுத்த முடிவு."