எந்தத் தோட்டத்துத் துரை?

மார்கழியில் மலையகப் பாடசாலைகளில் ஒளிவிழா நடைபெறுவது வழக்கம். புசல்லாவைப் பகுதியில் அத்தகைய விழா ஒன்றுக்கு வந்திருந்த போதகர் ஒருவர், நல்ல தமிழில், அன்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். பவுல் கொரிந்தியருக்கு எழுதிய முதலாம் நிருபத்தின் 13ஆம் அதிகாரத்தில் தொடங்கி, மத்தேயு 20ஆம் அதிகாரத்துத் திராட்சைத் தோட்ட உவமையில் முடித்தார். விழா கலையும்போது பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி எம்மிடம் வந்து, "சேர், அந்தத் துரை எந்தத் தோட்டம்?" என்று கேட்டாள். உடன் நின்ற பிள்ளைகள் சிரித்தனர். அவள் சிரிக்கவில்லை. அவளுடைய தாய்க்கு அந்த வாரம் இரண்டு நாள் அரைப்பேர் விழுந்திருந்தது.

உவமை யாவரும் அறிந்ததே. தோட்டச் சொந்தக்காரன் ஒருவன் விடியற்காலையில் சந்தைவெளிக்குச் சென்று, நாளுக்கு ஒரு தெனாரியம் எனக் கூலி பேசி ஆட்களை அழைத்து வருகிறான். முற்பகலிலும் நண்பகலிலும் பிற்பகலிலும் மீண்டும் போகிறான். பொழுது சாய ஒரு மணி நேரமே இருக்கையிலும் போய், அங்கு நின்றவர்களையும் வேலைக்கு அனுப்புகிறான். அந்தியில் எல்லோருக்கும் அதே ஒரு தெனாரியம் கொடுக்கப்படுகிறது. இதனை இறையருளுக்கு உருவகமாகச் சபைகள் காலங்காலமாக விளக்கி வந்துள்ளன. அவ்விளக்கத்தோடு எமக்கு வழக்கில்லை. ஆயினும் உவமையின் உடலைத் தொடாமல் அதன் உயிரை மட்டும் எடுத்துக்கொள்வது எங்ஙனம்? தெனாரியம் என்பது அக்காலத்தில் கூலியாள் ஒருவனின் ஒருநாள் கூலி. கடைசியில் வந்தவர்கள் சோம்பேறிகள் அல்லர். தம்மை எவரும் வேலைக்கு அழைக்கவில்லை என்றே அவர்கள் விடை சொல்கின்றனர். ஒரு மணி நேரம் வேலை கிடைத்தவன் வீட்டிலும் அடுப்பு எரியவேண்டும், பிள்ளைகள் உண்ணவேண்டும். இதை அறிந்த சொந்தக்காரன் கூலியை நிறுவைத் தராசால் அளக்கவில்லை, வயிற்றால் அளந்தான்.

எமது தோட்டங்களில் அளப்பது தராசுதான். 18 கிலோ, 20 கிலோ என்று தோட்டத்துக்குத் தோட்டம் வேறுபடும் நிறைக்குக் கொழுந்து குறைந்தால், அன்று முழுப்பேர் இல்லை, அரைப்பேர். காலை முதல் மாலை வரை மலையில் நின்ற உடம்புக்கு அரைநாள் கூலி. பல ஆண்டுப் போராட்டத்தின் பின் 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் நாட்கூலி 1,000 ரூபாவென வர்த்தமானியில் வந்தது. அதனைத் தொடர்ந்து பல தோட்டங்களில் எடுக்கவேண்டிய நிறை உயர்ந்ததும், அரைப்பேர் பெருகியதும் தொழிலாளர் யாவரும் அறிந்த செய்தி. வலது கையால் கொடுத்ததை இடது கையால் பறிப்பது இதுவே. போதகரிடம் நாம் இம்மாணவியின் கேள்வியைக் கூறியபோது, "அரைப்பேர் என்றால் என்ன?" என்று அவர் கேட்டார். அவரைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. அவர் நல்ல மனிதர். ஆனால் கேட்போரின் கூலி என்னவென்று அறியாமலே அவர்களிடம் அன்பைப் பற்றி ஒரு மணி நேரம் பேச முடிகிறதே, அந்த வசதியைத்தான் நாம் குறை கூறுகிறோம்.

அன்பு பொறுமையுடையது என்று பவுல் எழுதியதை அவர் அழகாக விரித்துரைத்தார். அதே அதிகாரத்தில், சில வரிகள் தள்ளி, அன்பு அநீதியைக் கண்டு மகிழாது, உண்மையோடு சேர்ந்தே மகிழும் என்ற கருத்தும் உண்டு. பிரசங்கங்கள் பெரும்பாலும் அங்கு தங்குவதில்லை. பொறுமை எவருக்கு உபதேசிக்கப்படுகிறது என்பதைக் கவனியுங்கள். கம்பனிக்கு எவரும் பொறுமையை உபதேசிப்பதில்லை. லயத்தில் இருப்பவனுக்கே அது உபதேசிக்கப்படுகிறது. அன்பு அறத்துக்கு மட்டுமே துணை என்போர் அறியாதார், மறத்துக்கும் அதுவே துணை என்றார் வள்ளுவர். இக்கருத்தைத் தேர்வுக்காக மனனம் செய்விக்கும் ஆசிரியர்களாகிய நாமும் அதனை வகுப்பறைக்கு வெளியே கொண்டுசெல்வதில்லை.

இந்நிலை நேற்றுத் தோன்றியதன்று. தோட்டத் தொழிலாளரிடையே சமயப்பணி செய்யவென 1854இல் அமைக்கப்பட்ட தமிழ்க் கூலி மிஷன், தோட்டத் துரைமாரின் ஆதரவோடும் பொருளுதவியோடும் நடந்தது. அது எழுத்தறிவைக் கொண்டுவந்தது. மலையகத்தின் முதற் பள்ளிகளிற் பல மிஷன் கைகளால் எழுந்தவை. அதனை மறப்பது நன்றியின்மை. எனினும் துரையின் பணத்தில் நடக்கும் பிரசங்கம் துரையின் கணக்கேட்டைப் புரட்டிப் பார்க்குமா?

புரட்டிப் பார்த்தோரும் இருந்தனர். 1972இல் கண்டியில் சத்யோதய நிலையத்தைத் தொடங்கிய யேசு சபைக் குரு போல் கஸ்பர்ஸ் மலையகத் தமிழரல்லர். ஆயினும் பிரசாவுரிமை, காணி, வாழ்வதற்குப் போதிய கூலி ஆகியவற்றைத் தம் ஊழியத்தின் பொருளாக்கிக்கொண்டார். 1979இல் இனங்களுக்கிடையே நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கம் தோன்றியபோதும் முன்னின்றார். குருநாகல் ஆயர் லக்ஷ்மன் விக்கிரமசிங்க 1983 ஜூலை வன்செயலின் பின், தாமும் சிங்களவராக இருந்துகொண்டே, தம் மக்கள் வெட்கி மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று ஆயர் மடலில் எழுதினார். அவ்வாண்டு ஒக்டோபரிலேயே மறைந்தார். நல்ல சமாரியன் கதையை வாழ்ந்து காட்டியவர்கள் இவர்கள். அக்கதையில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவியவன் பகைத்த இனத்தவன் என்பதை நாம் அடிக்கடி மறந்துவிடுகிறோம். கடைவீதியில் முஸ்லிம் வணிகர், பள்ளத்தாக்கில் சிங்களக் கிராமம், மேலே தமிழர் லயம் என்று அமைந்த புசல்லாவை போன்ற ஊர்களில் அயலான் யார் என்பது வேதபாடக் கேள்வியன்று. 1977இலும் 1983இலும் மலையகத்தில் அது உயிர்க்கேள்வியாக இருந்தது.

இவ்விடத்தில் முற்போக்கு நண்பர்கள் சிலர் புன்னகைப்பர் என்பதை அறிவோம். சமயம் அபின் என்று மார்க்ஸ் 1844இல் எழுதியதை நினைவூட்டுவர். அவர் அதனை ஒடுக்கப்பட்டோரின் பெருமூச்சு என்றும் எழுதியதை விட்டுவிடுவர். எமது வீட்டுக் கணக்கு என்ன? 1948இல் பிரசாவுரிமைச் சட்டம் ஏழு இலட்சத்துக்கும் மேற்பட்ட மலையகத் தமிழரை நாடற்றவராக்கியபோது இடதுசாரிகள் எதிர்த்து வாக்களித்தனர். அது எமது பெருமை. 1964 ஜூனில் சமசமாஜக் கட்சி ஆட்சியில் பங்கேற்றது. அதே ஒக்டோபரில் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கு பிரித்தது. எஞ்சிய 1,50,000 பேரின் கதி பின்னர் பார்த்துக்கொள்ளலாம் என ஒதுக்கப்பட்டது. அமைச்சரவையில் எம்மவர் இருந்தனர். 1973, 1974ஆம் ஆண்டுகளில் தோட்டங்களில் பட்டினிச் சாவு நிகழ்ந்தபோது பெருந்தோட்டத்துறை அமைச்சர் ஓர் இடதுசாரித் தலைவரே. ஆகையால் போதகரைப் பார்த்துச் சிரிக்கும் உரிமை எமக்கு எளிதிற் கிட்டாது.

வாக்குரிமை வந்துவிட்டது, 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டத்தோடு நாடற்றோர் என்ற பெயரும் நீங்கிற்று. காணி வரவில்லை. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தபோது, அரிசியும் போர்வையும் அன்பின் பெயரால் வண்டி வண்டியாக வந்தன. கொண்டுவந்த கைகளை வணங்குகிறோம். ஆனால் சரியும் மலையடியில் அம்மக்கள் ஏன் இருந்தனர்? வேறிடத்தில் குடிசை போட அவர்களுக்கு ஒரு பேர்ச் நிலமும் சொந்தமில்லை என்பதே விடை. எரிகோ வீதியில் அடிபட்டவனுக்குக் கட்டுப்போடுவதோடு நில்லாமல் அந்த வீதியையே மாற்றவேண்டும் என்று மார்ட்டின் லூதர் கிங் 1967இல் நியூயோர்க்கில் ஒரு தேவாலயத்தில் பேசினார். அவர் பாதிரியார், அவரை எவரும் அபின் விற்றவர் என்று சொல்வதில்லை.

வரும் மார்கழியிலும் ஒளிவிழா நடக்கும். அதே போதகர் வருவாராயின், முதல் நாள் மாலையே வந்து, கொழுந்து நிறுக்கும் இடத்தில் எம்மோடு சற்று நிற்க வேண்டுமென்று எழுதியிருக்கிறோம். தொழிற்சங்கத்து நண்பர்களுக்கும் அதே நாளைக் குறித்துக் கடிதம் போட்டிருக்கிறோம். அந்த மாணவியின் தாய் மாலை நாலரை மணியளவில் கூடையோடு அங்கு வருவாள்.