வீட்டுக் கணிப்பொறிக்கு வேண்டுவன

பாறசாலை, நெய்யாற்றின்கரை எல்லையூர்களினின்று பிழைப்பின் பொருட்டுக் கடல் கடந்த அன்பர்கள், ஊரிலுள்ள தம் இல்லத்துக் கணிப்பொறியைப் பற்றி நம்மை வினவுவது அண்மையில் மிகுந்துள்ளது. காரணம் வெளிப்படை. விண்டோஸ் 10க்கு வந்துகொண்டிருந்த வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு நின்றன. பழைய பொறிகள் பலவற்றில் விண்டோஸ் 11 ஏறுவதில்லை. புதுப்பொறிக்குப் பணம் அனுப்புவதா, கடைக்காரர் தரும் கள்ளப்படியை ஏற்பதா என்று கேட்கின்றனர். இரண்டும் வேண்டா என்பதே நம் கருத்து.

அவ்வில்லத்துப் பிள்ளை பள்ளியில் எதனைக் கற்கின்றது என்பதை முதலில் நோக்குக. கேரள அரசுப் பள்ளிகளில் கணிப்பொறிக் கல்வி பல்லாண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளிலேயே நடைபெறுகின்றது. 2001இல் தொடங்கிய ஐ.டி. அட் ஸ்கூல் திட்டமே 2017இல் கைட் என்னும் அரசு நிறுவனமாயிற்று. அது உபுண்டுவை அடியாகக் கொண்டு பள்ளிகளுக்கென ஓர் இயங்குதளம் அமைத்து வழங்குகின்றது. அதனை வீட்டுப் பொறியிலும் கட்டணமின்றி நிறுவலாம். பள்ளியில் ஒன்றும் வீட்டில் வேறொன்றுமாகப் பிள்ளை தடுமாற வேண்டுவதில்லை.

நினைவகம் 4 ஜி.பி. இருப்பின் அன்றாடப் பணிக்குப் போதும். அதனினும் குறைந்த பொறிக்கு லினக்ஸ் மின்ட்டின் எக்ஸ்.எஃப்.சி.ஈ. வகை ஏற்றது. எதனையும் நிறுவுமுன் பென் டிரைவிலிருந்தே இயக்கி, அச்சுப்பொறியும் ஒலியும் வேலை செய்கின்றனவா என்று பார்த்துக்கொள்க.

மென்பொருள்களை மலைபோல் குவிப்பதில் பயனில்லை. மடலும் கணக்கும் எழுத லிபர்ஆபீஸ், இணையத்திற்குப் பயர்பாக்ஸ், படமும் பாட்டும் காண வி.எல்.சி. ஆகிய மூன்றும் பெரும்பாலான இல்லங்களுக்குப் போதுமானவை. கணிதம் பயிலும் பிள்ளைக்கு ஜியோஜீப்ரா சேர்க்கலாம். கடைக் கணக்கிற்கு டாலியையே நம்பியிருப்போர் மட்டும் பழைய அமைப்பை உடனே நீக்காதிருப்பது நன்று.

இனி நாம் தலையாயதாகக் கருதும் செய்திக்கு வருவோம். 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு வட்டம் சென்னை மாநிலத்தோடு இணைந்தது; நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இப்பாலுள்ள இல்லங்களிலோ பாட்டி தமிழில் பேச, பேரன் மலையாளத்தில் எழுதுகின்றான். அவனுடைய பொறியில் தமிழ் எழுத வழியில்லையேல் வீட்டுத் தமிழ் பேச்சோடு நின்றுவிடும். ஆதலின் ஐபஸ் என்னும் உள்ளீட்டுக் கருவியில் இரு மொழிகளையும் சேர்த்தமைக்க வேண்டும்.

எந்த விசைப்பலகை என்று கேட்பீர்கள். தமிழ் ஒன்றையே எழுதுவோர்க்கு 1999இல் தமிழக அரசு ஏற்ற தமிழ்99 சிறந்தது. மெய்களுக்குப் புள்ளியைச் சில இடங்களில் அதுவே இட்டுக்கொள்ளும். ஆயினும் எல்லையூர்ப் பிள்ளைக்கு நாம் பரிந்துரைப்பது இன்ஸ்கிரிப்ட். இந்திய மொழிகளுக்கெல்லாம் பொதுவாக வகுக்கப்பட்ட அதில், ஓர் ஒலி எம்மொழியிலும் ஒரே விசையில் அமைந்திருக்கும். மலையாளக் ககரம் எழுதும் விரல், மொழியை மாற்றியதும் அவ்விடத்திலேயே தமிழ்க் ககரம் எழுதும். மலையாளத் தட்டச்சை இம்முறையில் பழகிய சிறுவனுக்குத் தமிழ் விசைகளில் பாதிக்கு மேல் முன்னரே தெரியும். றகரம், ழகரம், ளகரம் ஆகியவற்றுக்குங்கூடப் புது இடம் தேட வேண்டுவதில்லை. இத்துணை எளிதான வாயில் திறந்திருக்க, தமிழ்ச் சொற்களை ஆங்கில எழுத்தில் எழுதியனுப்பும் வழக்கம் ஏன் நீடிக்கின்றதோ!

பழைய ஆவணங்கள் வகையில் விழிப்பு வேண்டும். ஒருங்குறி பரவுமுன் பாமினி போன்ற எழுத்துருக்களில் தட்டப்பட்ட பாகப்பிரிவினை நகலும் குடும்ப மடல்களும், அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் பொருளற்ற ஆங்கில எழுத்துக் குவியலாகவே தோன்றும். கோப்பு கெட்டதென எண்ணி அழித்துவிடுவோரும் உளர். பழைய அமைப்பு இயங்கும்போதே அவற்றை பி.டி.எஃப். வடிவிற் சேமித்து, மூலத்தையும் எழுத்துருவையும் தனி வட்டில் வைத்துக்கொண்டால், பின்னர் மாற்றிகளைக் கொண்டு ஒருங்குறிக்குக் கொணரலாம். பொறியைத் துடைக்க நாள் குறிக்குமுன், அதிலுள்ள கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்குமாறு ஊரிலிருப்போருக்கு எழுதுங்கள்.