கண்ணுக்குத் தெரிகிற குற்றவாளி

போன ஜனவரியில் லண்டன் புறநகர் ஒன்றில் கல்லூரித் தோழன் வீட்டில் ஒரு வாரம் தங்கியிருந்தேன். ஒருநாள் காலை ஏழு மணி. வெளியே பூஜ்யம் டிகிரி. வாசலில் மணி அடித்தது. பக்கத்து வீட்டுப் பெரியவர். கோபத்தைக்கூட மன்னிப்புக் கேட்டுக்கொண்டே சொல்கிற ரகம். “உங்கள் பாய்லர் விடுகிற புகை என் வீட்டுப் பக்கம் வருகிறது. பேரக்குழந்தை வந்திருக்கிறாள். ஏதாவது செய்யுங்கள்” என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டு வெளியே போய்ப் பார்த்தேன். சுவரில் ஒரு குழாய். அதிலிருந்து புசுபுசுவென்று வெள்ளையாக என்னவோ கிளம்பிக்கொண்டிருந்தது. நம் கூட்ஸ் வண்டி ஞாபகம் வந்தது. பெரியவர் வீட்டுச் சுவரிலும் அதே மாதிரி ஒரு குழாய். அதில் ஒன்றுமே தெரியவில்லை. இருபத்தைந்து வருஷப் பழைய பாய்லராம்.

நண்பன் பதறிவிட்டான். குழாயை மேலே நீட்டித் திருப்பிவிட இங்கே தனியாக ‘கிட்’ விற்கிறார்கள். உடனே ஆளைக் கூப்பிடப் போனை எடுத்தான். “பொறுடா, முதலில் கணக்குப் பார்ப்போம்” என்றேன். பி.காம். படித்தவனுக்கு வேறென்ன தெரியும்?

கணக்கு இதுதான். ஒரு கிலோ மீத்தேன் எரிய நாலு கிலோ ஆக்சிஜன் வேண்டும். ஆக, வரவு ஐந்து கிலோ. வெளியே போவது இரண்டே கால் கிலோ தண்ணீர், இரண்டே முக்கால் கிலோ கார்பன் டை ஆக்சைடு. செலவும் ஐந்து. ஐந்தொகை டாலி ஆகிறது. இதில் கண்ணுக்குத் தெரிவது எது? தண்ணீர் மட்டும்தான். இட்லிப் பானையைத் திறந்தால் எழும்புகிறதே, ஊட்டிக் குளிரில் பேசினால் வாயிலிருந்து வருகிறதே, அதே சமாச்சாரம். மீதி இரண்டே முக்கால் கிலோவுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

அப்படியானால் பெரியவர் வீட்டுப் பழைய பாய்லரில் ஏன் ஒன்றும் தெரியவில்லை? அதிலும் அதே தண்ணீர்தான் வருகிறது. ஆனால் நூறு டிகிரிக்கு மேல் கொதிக்கக் கொதிக்க வெளியேறுவதால், குளிர்ந்து வெள்ளையாவதற்குள் பெரும்பாலும் காற்றில் கலந்துவிடுகிறது. அதாவது, காசு கொடுத்து வாங்கிய சூடு கண்ணுக்குத் தெரியாமல் தெருவுக்குப் போகிறது. புது பாய்லர் அந்தச் சூட்டைப் பிடுங்கி வீட்டுக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, ஆறிப்போன ஆவியை மட்டும் வெளியே விடுகிறது. ‘கண்டென்சிங் பாய்லர்’ என்று பெயர். புது பாய்லர் என்றால் அநேகமாக இதுதான் என்று 2005 ஏப்ரலில் இங்கிலாந்து விதியே போட்டது. சிக்கனக்காரன் வாசலில் புகை தெரிகிறது. ஊதாரி வாசல் சுத்தமாக இருக்கிறது. பெரியவர் மணி அடித்தது யார் வீட்டில், பார்த்தீர்களா?

அவரைக் கிண்டல் செய்யவில்லை. 1952 டிசம்பரில் இதே லண்டனில் நிலக்கரிப் புகை ஐந்து நாள் கவிந்து நின்று ஆயிரக்கணக்கானவர்களைக் கொன்றது. 1956-ல் காற்றுத் தூய்மைச் சட்டம் வந்தது. அந்தத் தலைமுறைக்குப் புகை என்றால் எமன். பயந்ததில் நியாயம் இருந்தது. ஆனால் நிலக்கரி போய் கேஸ் வந்ததும் நடந்தது என்ன? புகை கண்ணிலிருந்து மறைந்தது. மறைந்ததை ‘ஒழிந்தது’ என்று எழுதி ஊரே கணக்கை மூடிவிட்டது.

இப்போது ஒரு சராசரி வீட்டின் கேஸ் செலவு ஆண்டுக்கு 11,500 யூனிட் என்று 2023-ல் கணக்கு வைத்தது, அங்கே மின்சாரத்தையும் கேஸையும் கண்காணிக்கும் ஆஃப்ஜெம். அவ்வளவையும் எரித்தால் வருவது சுமார் இரண்டு டன் கார்பன் டை ஆக்சைடு. வீட்டுக்கு வீடு! இதற்காக யாராவது யார் வீட்டு மணியையாவது அடித்திருக்கிறார்களா?

“பக்கத்து வீட்டு ஜன்னலில் ஈரம் வழிந்தால் தொந்தரவு இல்லையா?” என்று நீங்கள் கேட்பீர்கள். தொந்தரவுதான். குழாயைத் தாராளமாகத் திருப்பட்டும். அந்த ஆவியோடு மற்ற வாயுக்களும் சேர்ந்தே வருவதால் அதை முகர்ந்து பார்க்கவும் வேண்டாம். ஆனால் குழாயைத் திருப்பிவிட்டு மாசைக் குறைத்துவிட்டதாகப் பீற்றிக்கொள்ளாதீர்கள். அது குப்பையைப் பாய்க்கடியில் தள்ளுகிற வேலை. ஒரு கிராம்கூடக் குறையாது.

குறைய வேண்டுமென்றால் வேறு இடத்தில் கை வைக்க வேண்டும். நண்பனின் பாய்லரைத் திறந்து பார்த்தோம். ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீரை 75 டிகிரியில் வைத்துவிட்டுப் போயிருந்தார், மாட்டிய புண்ணியவான். திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் ஆவியின் சூட்டை இந்த பாய்லர் பிடிக்க முடியும். தனி வெந்நீர்த் தொட்டி இல்லாத ‘காம்பி’ பாய்லர்களில் இதை 60-க்குக் குறையுங்கள் என்று 2022 டிசம்பரில் அரசாங்கமே பிரசாரம் செய்தது. பட்டனை நாலைந்து தடவை அழுத்தினால் முடிகிற வேலை. பைசா செலவில்லை. அதனாலேயே யாரும் செய்வதில்லை போலிருக்கிறது!

இன்னொன்றையும் கவனித்தேன். பாய்லர் இருந்த அறையில் கார்பன் மோனாக்சைடு அலாரம் இல்லை. பழுதான பாய்லர் கக்கக்கூடிய அந்த வாயு, தூங்குகிறவனைத் தூக்கத்திலேயே கொன்றுவிடும். அதுவும் கண்ணுக்குத் தெரியாது. இங்கிலாந்தில் வாடகை வீடுகளுக்கு இந்த அலாரம் 2022 அக்டோபரிலிருந்து கட்டாயம். இவனோ சொந்த வீட்டுக்காரன். யாரும் கேட்கவில்லை, இவனும் வாங்கவில்லை. வெறும் ஆவியைத் திருப்பிவிட அவசர அவசரமாகப் பர்ஸைத் திறந்தவன்!

அன்று மாலையே அலாரம் வாங்கி மாட்டினோம். பெரியவரிடம் போய், வெள்ளையாக வருவது தண்ணீர்தான் என்று விளக்கினோம். குழாயைக் கொஞ்சம் திருப்பிவிடுவதாகவும் சொன்னோம். பொறுமையாகக் கேட்டார். பிறகு தன் வீட்டுச் சுவரில் இருக்கும் அந்தச் சுத்தமான குழாயை ஒரு நிமிஷம் பார்த்தார்.

“அந்த அலாரம் எங்கே கிடைக்கும்?” என்றார்.