வெள்ளைப் பாறைக் கரையில் சைக்கிள்

சென்ற இதழில் நடைப் பயிற்சியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "முழங்கால் வலியால் நடக்க முடியவில்லை. சைக்கிள் மிதிக்கலாமா? அறுபது வயதில் மிதித்தால் பார்க்கிறவர்கள் சிரிக்க மாட்டார்களா?"

சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும். சைக்கிளில் உடம்பின் பாரத்தைப் பெரும்பாலும் ஸீட் தாங்கிக்கொள்கிறது. அதனால் பலருக்கு நடையை விட சைக்கிள்தான் முழங்காலுக்கு இதமாக இருக்கிறது. டாக்டரை ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு ஆரம்பியுங்கள். ஸீட்டை மட்டும் தாழ்வாக வைக்காதீர்கள். பெடல் அடியில் இருக்கும்போது கால் ஏறக்குறைய நீண்டு, முட்டி லேசாக மடங்கியிருந்தால் போதும். நம் பெண்கள் பயந்துகொண்டு ஸீட்டை இறக்கி இறக்கி வைத்து, அப்புறம் முட்டி வலிக்கிறது என்பார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன்.

1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது ஆயிரக்கணக்கான பெண்கள் சைக்கிள் பழகினார்களே, அந்தக் கூட்டத்தில் நானும் ஒருத்தி. பிறகு கல்யாணம், குழந்தை, வீடு என்று சைக்கிள் மூலைக்குப் போய்விட்டது. மறுபடி தொட்டது சென்ற வருஷம் ஜூன் மாதம், அதுவும் இங்கிலாந்தில்.

என் பெண் அந்த நாட்டின் தென்கரையில் பிரைட்டன் என்ற ஊரில் குடியிருக்கிறாள். லண்டனிலிருந்து ரயிலில் சுமார் ஒரு மணி நேரம். பிரைட்டனிலிருந்து கிழக்கே ஈஸ்ட்போர்ன் வரை கடலோரத்தில் பல இடங்களில் சுவர் எழுப்பியதுபோல வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புப் பாறை நிற்கிறது. கையால் தடவினால் மாவாக ஒட்டும். 8, 9 கோடி வருஷங்களுக்கு முன் கடலில் மிதந்த, கண்ணுக்கே தெரியாத பாசிகளின் ஓடுகள் அடியில் படிந்து படிந்து உண்டான பாறையாம்.

"அம்மா, வீட்டிலேயே உட்கார்ந்து எனக்குச் சமைச்சுப் போடவா வந்தே? வா, சைக்கிள்ல போகலாம்" என்று கியர் வைத்த லேடீஸ் சைக்கிள் ஒன்றை என்னிடம் கொடுத்தாள். அங்கேயும் நம் ஊர் மாதிரி சாலையில் இடது பக்கம்தான் போக வேண்டும் என்பது எனக்குப் பெரிய ஆறுதல். சல்வாரின் கால் பக்கத்தை க்ளிப் போட்டு இறுக்கிக்கொண்டேன். துப்பட்டாவை வீட்டிலேயே வைத்துவிட்டேன். அது சக்கரத்தில் சிக்கினால் என்ன ஆகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புதிதாக ஆரம்பிப்பவர்களுக்கு ஏற்ற பாதை பிரைட்டனிலேயே இருக்கிறது. படகுத் துறையிலிருந்து சால்ட்டீன் வரை சுமார் 5 கிலோமீட்டருக்குப் பாறையின் காலடியிலேயே சிமெண்டுப் பாதை போகிறது. கடல் அரிப்பைத் தடுக்க 1930களின் தொடக்கத்தில் கட்டிய சுவரின் மேல்தான் இந்தப் பாதை. ஒரு பக்கம் அண்ணாந்து பார்க்க வெள்ளைப் பாறை, மறு பக்கம் அலை. துளிகூட மேடு கிடையாது. ஆனால் குழந்தைகளும் நாய்களும் வயசானவர்களும் நடக்கிற பாதை. மெதுவாகத்தான் போக வேண்டும். புயல் நாட்களில் அலை மேலே வந்து அடிக்கும். பாறை சரிந்தால் பாதையை அடைத்தும் விடுவார்கள். நடுவில் ராட்டிங்டீன் என்று ஒரு கிராமம். எழுத்தாளர் கிப்ளிங் 1897லிருந்து 1902 வரை குடியிருந்த ஊர். அங்கே டீ குடித்துவிட்டுத் திரும்பினால் ஒரு காலைப் பொழுதுக்குச் சரியாக இருக்கும்.

இந்தப் பாதையில் நாலு நாள் போனதும் எனக்குத் தைரியம் வந்துவிட்டது. தைரியம் என்ன, கொஞ்சம் திமிரே வந்துவிட்டது. "ஏழு சகோதரிகளைப் பார்க்கணும்" என்றேன். கக்மியர் என்ற ஆறு கடலில் சேரும் இடத்திலிருந்து பர்லிங் கேப் வரை அலை அலையாக ஏறி இறங்கும் வெள்ளைக் குன்றுகளுக்கு அதுதான் பெயர். சினிமாக்காரர்கள் டோவர் பாறை என்று காட்டுவதற்குக்கூட இங்கே வந்து படம் எடுப்பதுண்டு.

பிரைட்டனிலிருந்து ஸீஃபோர்டு வரை ரயில். வண்டி மாற வேண்டியதில்லை. ஆபீஸ் நேரம் தவிர மற்ற வேளைகளில் ரயிலில் சைக்கிளை ஏற்ற விடுகிறார்கள். ஸீஃபோர்டில் இறங்கி, கார்களும் பஸ்களும் ஓயாமல் போகும் பெரிய சாலையில் கொஞ்ச தூரம் மிதித்தால் எக்ஸீட் என்ற இடத்தில் ஆற்றங்கரை வந்துவிடும். அங்கிருந்து ஃப்ரிஸ்டன் வரை ஒரே ஏற்றம்.

அன்றைக்கு ஏகாதசி. நான் பெண்ணிடம் சொல்லவில்லை. சொன்னால் பயணத்தை நிறுத்திவிடுவாள். காலையில் காப்பி மட்டும் குடித்தேன். சர்க்கரை வியாதிக்கான மாத்திரையை வழக்கம்போல் போட்டுக்கொண்டேன். "டிபன் ஆச்சா?" என்று கேட்டவளிடம் "ஆச்சு, ஆச்சு" என்று வாய் கூசாமல் சொன்னேன்.

அந்த ஏற்றத்தில் பாதி தூரம் போயிருப்பேன். உடம்பு சில்லென்று வியர்த்தது. கடல் காற்றுதான் என்று நினைத்தேன். கை நடுங்கியது. ஹாண்டில் பாரைப் பிடித்த பிடியால் என்று நினைத்தேன். முன்னால் போனவள் திரும்பி, "எந்த கியர்லம்மா இருக்கே?" என்று கேட்டாள். கேள்வி காதில் விழுகிறது, பதில் வாய்க்கு வரவில்லை. நாக்கு தடித்துப் போன மாதிரி இருந்தது. எப்படி இறங்கினேன் என்றே தெரியாது. சாலையோரப் புல்லில் உட்கார்ந்திருந்தேன்.

அவள் என் முகத்தைப் பார்த்ததுமே புரிந்துகொண்டாள். பேத்திக்காகப் பையில் வைத்திருந்த ஆரஞ்சு ஜூஸ் டப்பாவில் குழாயைச் செருகி என் வாயில் வைத்தாள். கால் மணி நேரத்தில் நடுக்கம் நின்றது. பிறகு ரொட்டி சாப்பிட வைத்தாள். அதுவரை ஒரு வார்த்தை பேசவில்லை.

"என்ன சாப்பிட்டே காலையில?"

சொன்னேன்.

"அப்பாவும் இப்படித்தாம்மா. ரெண்டு நாள் நெஞ்சு வலியை நம்மகிட்ட சொல்லவே இல்லை. தொந்தரவு கொடுக்கக் கூடாதுன்னு. நீயும் அதையே பண்ணினா நான் என்ன செய்யறது?"

என்னிடம் பதில் இல்லை. அவர் போய் ஏழு வருஷம் ஆகிறது. "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா" என்று நான் எத்தனை பேரிடம் புலம்பியிருக்கிறேன்! மாப்பிள்ளை காரோடு வந்து சைக்கிள்களையும் எங்களையும் ஏற்றிக்கொண்டு போனார். அவர் ஒன்றுமே கேட்கவில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

ஊரில் என்னைப் பார்க்கும் டாக்டருக்குப் போன் செய்தேன். நான் போட்டுக்கொள்வது உடம்பில் இன்சுலினை அதிகமாகச் சுரக்க வைக்கும் வகை மாத்திரை. வயிறு காலியாக இருந்தாலும் அது தன் வேலையைச் செய்யும். அதோடு உடற்பயிற்சியும் சேர்ந்தால் ரத்தத்தில் சர்க்கரை மடமடவென்று இறங்கிவிடும். விரதம் இருக்கிற அன்றைக்கு மாத்திரையை என்ன செய்வது என்று முன்கூட்டியே டாக்டரைக் கேட்க வேண்டும், நாமாக ஏற்றி இறக்கக் கூடாது. நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, பேச்சுக் குழறல் வந்தால் உடனே 3, 4 ஸ்பூன் சர்க்கரை அல்லது குளுக்கோஸ். 15 நிமிஷம் பொறுத்தும் சரியாகவில்லை என்றால் மறுபடி அதே அளவு. நினைவு தப்பியவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது, உடனே ஆஸ்பத்திரிதான். இதெல்லாம் எனக்கு முன்பே தெரிந்த சமாசாரம்தான் என்பதைத்தான் வெட்கத்தோடு சொல்கிறேன்.

பத்து நாள் கழித்து மறுபடி கிளம்பினோம். "வேண்டாம்மா" என்று அவள் சொல்லுவாள் என்று நினைத்தேன். இட்லி வார்த்துத் தட்டில் வைத்து, எதிரே உட்கார்ந்து நான் சாப்பிடுவதைப் பார்த்துவிட்டுத்தான் புறப்பட்டாள்.

இந்தக் கரையில் பெரும்பாலும் தென்மேற்குக் காற்று அடிக்கும். அதனால் மேற்கிலிருந்து கிழக்கே போவதுதான் புத்திசாலித்தனம். காற்றே முதுகில் கை வைத்துத் தள்ளும். எக்ஸீட்டில் ஆற்றோரமாகக் கடற்கரைப் பக்கம் போகும் சமதளமான பாதையில் முதலில் கொஞ்சம் மிதித்துக் காலைப் பழக்கினோம். மலையேற்றமே வேண்டாம் என்பவர்கள் இங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் லிட்லிங்டன் வழியாக ஆல்ஃப்ரிஸ்டன் போகலாம். நிழலான சின்ன சாலை. அங்கே உள்ள பழைய பாதிரியார் வீட்டை 1896ல் நேஷனல் டிரஸ்ட் 10 பவுனுக்கு வாங்கியதாம். அவர்கள் வாங்கிய முதல் கட்டடமே அதுதான். பத்து பவுனுக்கு வீடு! ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: ஏழு சகோதரிகளின் உச்சியில் போகும் ஒற்றையடிப் பாதை நடப்பவர்களுக்கு மட்டும். சைக்கிளுக்கு அனுமதி இல்லை.

அந்த ஏற்றத்தை நான் மிதிக்கவே இல்லை. இறங்கித் தள்ளிக்கொண்டு போனேன். என்னை விடச் சின்னப் பெண்களும் தள்ளிக்கொண்டுதான் போனார்கள். ஃப்ரிஸ்டன் குளத்தருகே நின்று இரண்டு பேரீச்சம்பழம். அங்கிருந்து ஈஸ்ட் டீன் கிராமத்துக்கு இறக்கம். பெரிய சாலையை விட்டு வலப்பக்கம் திரும்பினால் பர்லிங் கேப்.

அங்கே சைக்கிளைப் பூட்டிவிட்டு இரும்புப் படியில் கடற்கரைக்கு இறங்கலாம். மணல் கிடையாது, கூழாங்கல்தான். நிமிர்ந்து பார்த்தபோது பேச்சு வரவில்லை, இந்தத் தடவை நல்ல காரணத்துக்காக. வெள்ளைப் பாறையில் வரி வரியாகக் கறுப்புக் கற்கள் பதிந்திருக்கின்றன. அலை அடியை அரிக்கிறது, மேலே உள்ளது இடிந்து விழுகிறது. அப்படி விழுந்து புதிது புதிதாகத் தெரிவதால்தான் இவ்வளவு வெள்ளை. இங்கிருந்த காவல்காரர் குடியிருப்பு வரிசையில் பல வீடுகள் கடல் நெருங்க நெருங்க ஒவ்வொன்றாகப் போய்விட்டன. உச்சியில் வேலி கிடையாது. விளிம்பிலிருந்து குறைந்தது 5 மீட்டர் தள்ளி நிற்கச் சொல்கிறார்கள். மேலே பச்சைப் புல்லாகத் தெரியும், அடியில் ஒன்றுமே இருக்காது. பாறையின் காலடியிலும் ஒட்டி உட்காரக் கூடாது. போட்டோ எடுக்க விளிம்பு வரை போன ஒரு ஜோடியைப் பார்த்து என் பெண் தமிழிலேயே "ஐயோ" என்று கத்தினாள். அவர்களுக்குப் புரிந்தது போலிருக்கிறது, பின்னால் வந்துவிட்டார்கள்.

மறுபடி ஏற்றம். வழியில் பெல் டூட் என்ற பழைய கலங்கரை விளக்கம். விளிம்பு அருகே வந்துவிட்டதால் 1999ல் அந்தக் கட்டடத்தை இடிக்காமல், அப்படியே 17 மீட்டர் உள்ளே நகர்த்தினார்கள். அதைத் தாண்டினால் பீச்சி ஹெட், 162 மீட்டர் உயரம். பிரிட்டனின் சுண்ணாம்புக் கடற்பாறைகளிலேயே உயரமானது. கீழே கடலில் 1902லிருந்து நிற்கும் சிவப்பு வெள்ளைப் பட்டை போட்ட விளக்கு, மேலிருந்து பார்த்தால் கொலு பொம்மை மாதிரி இருக்கிறது.

ஈஸ்ட்போர்ன் வரை செங்குத்தான இறக்கம். இரண்டு பிரேக்கையும் விட்டு விட்டுப் பிடித்து இறங்கினேன். ரயிலில் உட்கார்ந்ததும் என் பெண் பையைத் திறந்து பேரீச்சம்பழ டப்பாவை எடுத்தாள். விரல் விட்டு எண்ணினாள்.

"ஆறு குறையுது. சரி" என்று மூடி வைத்தாள்.