கரடிக்கு வெல்லம், ஆராய்ச்சிக்கு அல்வா

ஹொசபேட்டை பக்கம் இரும்பு ஆலை வேலைக்கு வந்து தங்கிவிட்ட நம்ம ஆட்கள் எல்லார் வீட்டிலும் ஒரே டூர் ப்ரோக்ராம்தான். ஊரிலிருந்து மாமனார், மாமியார் வந்தால் காலையில் ஹம்பி, சாயந்தரம் தரோஜி கரடிச் சரணாலயம். பாறையில் வனத்துறைக்காரர்கள் வெல்லப்பாகு தடவி வைத்திருப்பார்கள். கரடி இறங்கி வந்து நக்கும். பார்த்தாச்சு, கிளம்பியாச்சு.

1994ல் அறிவித்த சரணாலயம் இது. மொத்தம் எத்தனை கரடி இருக்குதுன்னு அங்கே கேட்டுப் பாருங்க. நான் கேட்ட ஒவ்வொருத்தரும் ஒவ்வொரு எண் சொன்னார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? புலிக்கு வரி இருக்கு, கேமராவில் ஒரு படம் விழுந்தால் எந்தப் புலி என்று சொல்லிவிடலாம். கரடியோ உடம்பு முழுக்கக் கறுப்பு முடி. முடியையும் எச்சத்தையும் பொறுக்கி டிஎன்ஏ பார்க்கணும், கழுத்தில் ரேடியோ காலர் மாட்டி வருஷக்கணக்கில் பின்தொடரணும். அதுக்குக் காசு வேணும். சம்பளம் ஒழுங்காக வரும் என்ற நம்பிக்கையில் காட்டில் கிடக்க நாலு ஆராய்ச்சி மாணவர்கள் வேணும்.

"மனுஷனுக்கே வழியில்லை, கரடிக்குக் காசா?" என்று என் பக்கத்து வீட்டு அண்ணாச்சி கேட்டார். மனுஷனுக்காகத்தான் அண்ணாச்சி! இந்தக் கரடி கறையான் தின்னும், பழம் தின்னும், நம்மைத் தின்னாது. ஆனால் திடீரென்று எதிரில் ஆள் வந்தால் பயத்தில் பாயும், பெரும்பாலும் முகத்திலும் தலையிலும்தான். விடியற்காலையில் ஆடு ஓட்டிப் போகிறவர், வெளிக்குப் போகிற பெண் இவர்கள்தான் மாட்டுவது. பகலில் எந்தப் பாறை இடுக்கில் படுக்கிறது, எத்தனை மணிக்கு எந்தத் தடத்தில் இறங்குகிறது என்று தெரிந்தால் ஊருக்கு முன்கூட்டியே சொல்லலாம். இப்போது நாம் கொடுப்பது முகம் போன பிறகு நஷ்டஈடு.

செலவு செய்தால் பலன் உண்டு என்பதற்குக் கரடியே சாட்சி. மூக்கில் கயிறு போட்டுத் தெருவில் ஆடவிட்ட கூத்து 2009ல் முடிவுக்கு வந்தது. சட்டம் மட்டும் அதைச் செய்யவில்லை. கலந்தர் குடும்பங்களுக்கு மாற்றுத் தொழில், பிள்ளைகளுக்குப் படிப்பு என்று தொண்டு நிறுவனங்கள் பணம் போட்டதால் நடந்தது.

புலிக்கு 1973ல் திட்டம், யானைக்கு 1992ல். கரடிக்கு 2012ல் ஒரு செயல்திட்டப் புத்தகம், 2025 மார்ச்சில் ஒரு பணிக்குழு யோசனை!

பணம் இல்லாமலா? பெல்லாரி சுரங்கங்களை 2011ல் உச்ச நீதிமன்றம் நிறுத்தியது ஞாபகம் இருக்கும். அதன்பின் சுரங்கத்தால் கெட்டுப்போன பகுதிகளைச் சீர்செய்யவென்றே வசூலித்த தொகைக்கு, 2022ல் ஒப்புதலான திட்டம் 24 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். ரோடு போடுங்க, ஆஸ்பத்திரி கட்டுங்க, வேண்டாம்னு சொல்லலை. ஆனால் தோண்டிய மலையில் கரடிக்கும் பங்கு இருந்தது. நம்ம வீட்டு இஎம்ஐ போவதும் அந்தத் தாதுவில் இருந்துதான்.

பத்து வருஷத்துக்குத் தொடர்ச்சியான கரடி ஆய்வு, அதற்கு அந்த நிதியிலிருந்து தனி ஒதுக்கீடு. கேட்பது இவ்வளவுதான். மனுவைக் கன்னடத்தில் எழுதித் தர ஆபீஸ் நண்பர் ஒருவர் தயார். நம்ம காலனி வீடுகளில் கையெழுத்து வாங்க ஞாயிற்றுக்கிழமை வருகிறேன், காபி மட்டும் போதும்.