அனுமதி கேட்க நேரமில்லாத போது

படிப்பை முடித்த மகளுக்கு ஒரு வேலை கிடைத்தால் எங்கள் வீடுகளில் சில கேள்விகள் கட்டாயம் எழும். சம்பளம் எவ்வளவு? எத்தனை மணிக்கு வீடு வரலாம்? கூட வேலை செய்பவர்கள் யார்? பெற்றோர் இன்னும் இரண்டு கேள்விகளைக் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. அந்த இடத்தில் எத்தனை வாசல்கள் உண்டு? கடைசியாகத் தீ ஒத்திகை நடந்தது எப்போது?

பல்லேகலயில் இலங்கை முதலீட்டுச் சபையின் கைத்தொழில் வலயம் இருக்கிறது. நான் வரும் பஸ்ஸில் தினமும் அங்கு வேலைக்குச் செல்லும் பெண்களைக் காண்கிறேன். நாளை நம்மில் சிலரும் அங்கோ கண்டி நகரின் கடைகளிலோ வேலை செய்வோம். ஆகவே இது நமது விடயம்.

1911 மார்ச் 25 அன்று நியூயோர்க்கின் டிரையாங்கிள் ஆடைத்தொழிற்சாலையில் தீப்பிடித்து 146 பேர் இறந்தனர். பெரும்பாலானோர் இளம்பெண்கள். ஒரு வாசல் பூட்டப்பட்டிருந்தது. நூறு வருடங்களுக்குப் பின், 2012 செப்டெம்பரில் கராச்சியின் அலி என்டர்பிரைசஸ் தொழிற்சாலையில் 250 க்கும் மேற்பட்டோர் மாண்டனர். தீ மூண்ட காரணம் எதுவாயினும், அவர்களை வெளியேற விடாமல் தடுத்தவை பூட்டிய கதவுகளும் கம்பியிட்ட ஜன்னல்களுமே. சில வாரங்களுக்கு முன்னர்தான் அத்தொழிற்சாலைக்குத் தரச் சான்றிதழ் கிடைத்திருந்தது. சுவரில் தொங்கும் சான்றிதழ் கதவைத் திறக்காது.

அதே வருடம் நவம்பரில் டாக்காவுக்கு அருகே தஸ்ரீன் தொழிற்சாலையில் நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தனர். அங்கே எச்சரிக்கை மணி ஒலித்தது. எழுந்தவர்களை மேற்பார்வையாளர்கள் மீண்டும் வேலையில் அமரச் சொன்னார்கள்.

என்னை அதிகம் யோசிக்க வைப்பது இதுதான். வகுப்பை விட்டு வெளியே போக ஆசிரியையிடம் கேட்கிறோம். வீட்டை விட்டுப் போக உம்மாவிடம் கேட்கிறோம். நல்ல பழக்கம்தான். ஆனால் புகை வரும் நேரத்தில் அனுமதிக்காகக் காத்திருப்பது ஒழுக்கமல்ல. மணி ஒலித்தால் எழுந்து வெளியேறுவது தன் கடமை என்பதை ஒவ்வொரு பெண்ணும் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும்.

களவு போகும் என்று வாசலைப் பூட்டுகிறோம், ஒத்திகை வைத்தால் வேலை கெடும் என்று முதலாளிமார் சொல்லக்கூடும். களவைத் தடுக்க வாசலில் ஒரு காவலாளி போதும். ஒத்திகைக்குச் சில நிமிடங்கள் போதும். நமது நாட்டின் 1942 ஆம் ஆண்டு தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டமும் உள்ளே ஆட்கள் இருக்கும்போது வெளியேறும் கதவு உள்ளிருந்து இலகுவாகத் திறக்கக் கூடியதாக இருக்க வேண்டும் என்கிறது.

தொழிற்சாலைகளை மட்டும் குறை சொல்லவும் முடியாது. நகரத்தில் கீழே கடை, மேலே வீடு என வாழும் குடும்பங்கள் எத்தனை! ஏறும் படியில் சரக்குப் பெட்டிகள், ஜன்னலில் இரும்புக் கம்பிகள். 2019 பெப்ரவரியில் கண்டி யட்டிநுவர வீதியில் மாடிக் கட்டடமொன்று எரிந்தபோது, ஒரு தந்தை தன் பிள்ளைகளை மேலிருந்து கீழே போட, கூடிநின்றவர்கள் ஏந்திக்கொண்டார்கள். குடும்பமே தப்பியது. அந்த ஜன்னலுக்குக் கம்பி போட்டிருந்தால்?

உறங்கும்போது வீட்டில் நெருப்பை எரிய விட வேண்டாம் என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கற்பித்தார்கள். முன்னெச்சரிக்கை நமக்குப் புதிதல்ல.

கண்டியிலிருந்து தீயணைப்பு வண்டி தென்னகும்புர நெரிசலைத் தாண்டி வரும் வரை முதல் நிமிடங்கள் நம் கையில்தான். புகையில் குனிந்து செல்வது, லிஃப்டைத் தவிர்ப்பது, மின்சாரத் தீயில் தண்ணீர் ஊற்றாதிருப்பது, வெளியே ஓரிடத்தில் கூடி ஆட்களை எண்ணுவது, 110 ஐ அழைப்பது: இவ்வளவையும் ஒரு பாடவேளையில் பழகலாம். நமது கல்லூரியிலேயே தவணைக்கு ஒருமுறை பழகுவோம். இன்றிரவு வாப்பாவிடம் கேட்டு, படியிலுள்ள பெட்டிகளையும் அகற்றுவோம்.